முழங்கால் மூட்டுத் தேய்மானம்: வலி இருக்கும்போது உடற்பயிற்சி செய்யலாமா, எவ்வளவு செய்யலாம்?

நெய்தல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. இரண்டு முழங்கால்களிலும், குறிப்பாக வலது காலில், சில ஆண்டுகளாகவே வலி இருந்து வருகிறது. அண்மையில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர், வலது முழங்காலில் மூன்றாம் நிலைத் தேய்மானம் இருப்பதாகவும், இப்போதைக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை என்றும் சொன்னார். உடற்பயிற்சி செய்யுங்கள், எடையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கூறி, நான்கைந்து பயிற்சிகளின் படங்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். ஒவ்வொன்றையும் எத்தனை முறை செய்வது, வாரத்தில் எத்தனை நாள் செய்வது, செய்யும்போது வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை.

அம்மா ஆர்வத்தோடுதான் தொடங்கினார். ஆனால் இரண்டாவது வாரத்தில் வலி சற்றுக் கூடியதும் பயந்துவிட்டார். "ஏற்கெனவே தேய்ந்த மூட்டை இன்னும் தேய்க்கிறாயே" என்று உறவினர்கள் சிலர் சொன்னது அந்தப் பயத்தை உறுதிப்படுத்திவிட்டது. இப்போது பயிற்சியை அடியோடு விட்டுவிட்டு, வீட்டுக்குள் நடப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டிருக்கிறார். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குகிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்கவில்லை.

உடற்பயிற்சி உண்மையிலேயே மூட்டை மேலும் தேய்க்குமா, எவ்வளவு வலி வரை பொறுத்துக்கொள்ளலாம், தாளில் உள்ள பயிற்சிகளில் எதற்கு முதலிடம் கொடுப்பது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். ஊசி போட்டுக்கொண்டால் இவ்வளவு சிரமம் தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். அதைப் பற்றியும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இயன்முறை

வணக்கம். நான் இயன்முறை மருத்துவர். முழங்கால் தேய்மானத்தோடு வருபவர்களைத்தான் நாள்தோறும் அதிகம் பார்க்கிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் அவருக்கென்று தனியாக எதையும் பரிந்துரைக்க முடியாது. ஆயினும் உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த நோய் உள்ள எல்லோருக்கும் பொதுவானவை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் மருந்தின் பெயரை மட்டும் எழுதி, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதை எழுதாமல் விட்டால் எப்படியோ அப்படித்தான் அளவு குறிப்பிடாத உடற்பயிற்சித் தாளும். அம்மா இரண்டாவது வாரத்தில் நிறுத்தியதில் அவருடைய தவறு எதுவும் இல்லை. வலி கூடினால் என்ன பொருள், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த நிலையில் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள்.

இனி, மேலும் தேயுமா என்ற கேள்விக்கு வருவோம். எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. இரத்தக் குழாய் இல்லாததால் அதற்கு வேண்டிய ஊட்டத்தின் பெரும்பகுதி மூட்டுத் திரவத்திலிருந்தே கிடைக்கிறது. காலில் எடை ஏறும்போது குருத்தெலும்பு சற்று அழுந்தித் திரவத்தை வெளிவிடுகிறது, எடை இறங்கும்போது திரவத்தை உள்வாங்குகிறது. ஆகவே அளவான அழுத்தமும் விடுவிப்பும் மாறிமாறி நடப்பது குருத்தெலும்பின் இயல்பான தேவை. அசைக்காமல் வைத்திருப்பதால் அது பாதுகாக்கப்படுவதில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துக் குருத்தெலும்பை ஒப்பிட்ட ஆய்வுகளிலும், சிகிச்சைக்காக முறைப்படி செய்த பயிற்சியால் அது கெட்டதாகத் தெரியவில்லை.

குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டை உறைபோல் மூடியிருக்கும் சவ்வு, தசைநார்கள், சுற்றியுள்ள தசைகள் ஆகிய எல்லாமே வலிக்கக்கூடியவை. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியும் நிலையும் நோயாளி உணரும் வலியும் பல நேரங்களில் பொருந்துவதில்லை. நான்காம் நிலை என்று அறிக்கையில் உள்ளவர் ஓரளவு நன்றாக நடப்பார், இரண்டாம் நிலையில் உள்ளவர் படி ஏற முடியாமல் தவிப்பார். இந்த நிலைகளைப் பிரிக்கும் முறை 1957-இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தது. அது எலும்பின் தோற்றத்தை அளக்கும் அளவுகோல். ஒருவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை அது அளப்பதில்லை. "மூன்றாம் நிலை" என்ற சொல் அம்மாவின் மனத்தில் பாரமாக இருந்தால், தயவுசெய்து இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தொடையின் முன்பக்கத் தசைதான் இந்தச் சிகிச்சையின் நடுநாயகம். முழங்காலில் வீக்கமும் வலியும் இருக்கும்போது தண்டுவட அளவிலேயே இந்தத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை அடக்கப்படுகிறது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் தசை முழுமையாக இறுகாது. வலிக்கிறதே என்று காலைப் பயன்படுத்தாமல் விட்டால் தசை இளைக்கிறது. தசை இளைத்தால் ஒவ்வொரு அடியிலும் வரும் அதிர்வு நேராக மூட்டின் மேல் விழுகிறது, அதனால் மீண்டும் வலிக்கிறது. அம்மா இப்போது இந்தச் சுழலுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள் நடப்பதைக்கூடக் குறைத்துவிட்டார் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு அவருடைய எக்ஸ்ரேயைவிட அதிகக் கவலை தருகிறது.

வலியின் அளவுக்கு ஓர் எளிய விதி உண்டு. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 2 வரை உள்ள வலியைப் பொருட்படுத்த வேண்டாம். 5 வரை ஏற்றுக்கொள்ளலாம். 5-ஐத் தாண்டினால் அந்தப் பயிற்சியின் அளவையோ ஆழத்தையோ குறைக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது மறுநாள் காலை. முந்தைய நாள் கூடிய வலி மறுநாள் காலைக்குள் வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டால், செய்த அளவு சரியானது. இறங்காமல் அப்படியே நின்றாலோ, முழங்கால் புதிதாக வீங்கியிருந்தாலோ, அடுத்த முறை பாதியாகக் குறைத்துச் செய்ய வேண்டும். அப்போதும் நிறுத்த வேண்டியதில்லை, குறைத்தால் போதும். தொடங்கிய முதல் சில வாரங்களில் வலி சற்றுக் கூடுவது எதிர்பார்க்கக்கூடியதே. பல மாதம் சும்மா இருந்த தசைக்கு வேலை கொடுக்கும்போது வரும் நோவும் அதில் கலந்திருக்கும்.

எந்தப் பயிற்சிக்கு முதலிடம் என்று கேட்டால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத்தான் சொல்வேன். படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்குவதும், முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவதும் அந்தத் தாளில் கட்டாயம் இருக்கும். அவை தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் அவற்றிலேயே நின்றுவிடக் கூடாது, ஏனெனில் அம்மாவுக்குச் சிரமம் வருவது படுத்திருக்கும்போது அல்ல.

சக்கரம் இல்லாத, கை வைக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் மேலே கெட்டியான திண்டு ஒன்றை வைத்து உயர்த்துங்கள். அம்மா இருக்கையின் முன்பாதியில் உட்காரட்டும். பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து பிறகு எழ வேண்டும். பலர் முன்னால் சாயாமல் நேராக எழ முயல்வார்கள், அப்போதுதான் முழங்கால் அதிகம் நோகும். எழுவதற்கு 2 விநாடி, உட்காருவதற்கு 4 விநாடி. தொப்பென்று விழாமல் மெல்ல இறங்கும் அந்த 4 விநாடியில்தான் தசை உண்மையில் பழகுகிறது, படி இறங்குவதற்குத் தேவையானதும் அதே திறன்தான்.

நீங்கள் அவருக்கு எதிரே அமர்ந்து இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். அது இரண்டாவது கால்விரலின் நேர்கோட்டிலேயே இருக்க வேண்டும். மற்றொன்று, இடுப்பு இடப்பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். வலது கால் வலிக்கும் ஒருவர் தம்மை அறியாமலே எடை முழுவதையும் இடது காலுக்கு மாற்றிவிடுவார். பார்ப்பதற்குப் பத்து முறை எழுந்து உட்கார்ந்ததாகத் தோன்றும், வலது தொடை எதுவும் செய்திருக்காது.

பத்து பத்தாக இரண்டு சுற்றோடு தொடங்கி மூன்று சுற்றுக்குக் கொண்டுபோகலாம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமம் தெரியவில்லை என்றால் திண்டை எடுத்துவிடுங்கள், பிறகு வலது பாதத்தைச் சற்றுப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள், அதன் பின் கையில் சிறு எடை கொடுங்கள். இதோடு, தாழ்வான ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் விரித்து இடுப்புத் தசையை வலுவாக்குவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது ஆகிய மூன்றையும் சேர்த்தால் அடிப்படைக்குப் போதும். தொடங்கும் முன் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளோ மெதுவான நடையோ இருக்கட்டும்.

படித்துறை

மேலே சொன்னதை ஒரு நோயாளியாக உறுதிப்படுத்துகிறேன். எனக்கும் இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. பயிற்சி மையத்தில் எங்களைப் போன்றவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து செய்தோம்.

சகோதரி, உங்கள் அம்மா பக்கவாட்டில் படி இறங்குவதாக எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். வலியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. கால் மடங்கிவிடுமோ என்ற அச்சம் அதைவிடப் பெரியதாக இருந்தது. ஒற்றைப் படிப் பயிற்சியின்போது பயிற்சியாளர் அருகில் நின்று, இடுப்பு ஒரு பக்கம் தாழாமல் இருக்கிறதா என்று பார்த்து, விரல்நுனியால் மட்டும் சுவரைத் தொடச் சொல்வார். கீழே இறக்கும் பாதம் தரையைத் தொடும் வரை, மேலே நிற்கும் கால்தான் உடம்பு முழுவதையும் தாங்கியிருக்கிறது என்பதை அங்கேதான் கவனித்தேன். அந்தக் கால் தாங்குகிறது என்று மனம் நம்பத் தொடங்கிய பிறகு, வீட்டுப் படியில் என் கை தானாகவே கைப்பிடியைத் தளர்த்திக்கொண்டது. வலி குறைந்தது அதற்குப் பிறகுதான். எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வலி குறையவில்லையே என்று தொடக்கத்திலேயே சோர்ந்துபோகிறவர்கள், வேறு எதுவாவது எளிதாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அம்மாவைத் தனியாகச் செய்யச் சொல்லாதீர்கள். நீங்களும் கூட உட்கார்ந்து எழுந்திருங்கள். "பயிற்சி செய்தாயா" என்று மாலையில் கேட்பது வேறு, கூடவே செய்வது வேறு. எங்கள் குழுவில் கடைசிவரை வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து யாரேனும் ஒருவர் துணைக்கு வந்தவர்கள்தாம்.

குழுப் பயிற்சி முடிந்த பின் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். பயிற்சியை விட்டுவிட்டால் பலன் மெல்ல மெல்லக் கரைகிறது. விழா, பயணம், காய்ச்சல் என்று எதுவோ ஒன்று குறுக்கே வந்து இடைவெளி விழும். இடைவெளிக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடங்கினால் மறுநாள் வலி கூடும், உடனே "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தோன்றும். சில படிகள் கீழே இறங்கித் தொடங்கினால் அந்தத் தொல்லை இருக்காது.

நெய்தல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இயன்முறை ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குருத்தெலும்பில் நரம்பே இல்லை என்ற வரியை மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. அம்மா நடப்பதற்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதற்குத்தான் அஞ்சுகிறார். அதில் மூட்டின் மேல் மிகுந்த பாரம் விழும் என்று நினைக்கிறார். அடுத்ததாக, அண்மைக்கால ஆய்வுகளில் உடற்பயிற்சியின் பலன் சிறிதுதான் என்று வந்திருப்பதாக எங்கோ படித்தேன். அது உண்மையானால், இவ்வளவு முயற்சிக்கும் பொருள் உண்டா?

ஏட்டுச்சுவடி

ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துச் சுருக்குவது என் தொழிலின் ஒரு பகுதி என்பதால், உங்கள் இரண்டு ஐயங்களுக்கும் விடை தர முயல்கிறேன்.

முதல் ஐயத்துக்கு நேரடியான அளவீடே இருக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, அழுத்தத்தை அளந்து வெளியே அனுப்பும் உணரியோடு கூடிய செயற்கை மூட்டைப் பொருத்தி, அன்றாட அசைவுகளின்போது முழங்காலின் மேல் விழும் பாரத்தை ஜெர்மனியில் ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2010-இல் வெளியான அந்த அளவீட்டின்படி, சமதளத்தில் நடக்கும்போது ஒரு முழங்காலின் மேல் விழும் உச்ச பாரம் சராசரியாக உடல் எடையைப் போல் 2.6 மடங்கு. நாற்காலியிலிருந்து எழும்போது 2.5 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. ஆகவே அம்மா அஞ்சாமல் செய்யும் நடைக்கும், அஞ்சும் நாற்காலிப் பயிற்சிக்கும் பாரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எழும்போது முழங்கால் அதிகம் மடங்கியிருப்பதாலும், தொடைத் தசை அந்த நிலையில் கடுமையாக உழைப்பதாலும் அது வேறு மாதிரி உணரப்படுகிறது. இருக்கையை உயர்த்தினால் மடங்கும் அளவு குறையும் என்பதால், திண்டு வைக்கச் சொன்ன யோசனை மிகப் பொருத்தமானது.

இரண்டாவது ஐயம் நியாயமானது. பல மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, 100 புள்ளி கொண்ட வலி அளவுகோலில் உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் செய்யாதவர்களைவிட ஏறக்குறைய 12 புள்ளி வலி குறைந்திருந்தது. பயிற்சிக் காலம் முடிந்து இரண்டு முதல் ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு ஏறக்குறைய 6 புள்ளியாகச் சுருங்கியிருந்தது. 2024-இல் வந்த புதுப்பிப்பில் 139 ஆய்வுகள் சேர்க்கப்பட்டன. எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 13 புள்ளியும், போலிச் சிகிச்சையோ வேறு வகைக் கவனிப்போ பெற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 9 புள்ளியும் வலி குறைந்தது. நோயாளி தெளிவாக உணரக்கூடிய அளவுக்கு இது போதுமா என்பதில் உறுதியில்லை என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் படித்தது இதுவாக இருக்கலாம்.

இந்தச் சராசரியை எப்படி வாசிப்பது என்பதில்தான் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. அந்த 139 ஆய்வுகளிலும் பயிற்சி ஒரே மாதிரியானதல்ல. கண்காணிப்போடு செய்தவை, தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவை, சில வாரங்களில் முடிந்தவை, பல மாதம் நீண்டவை எல்லாம் ஒரே தொகையில் கலந்திருக்கின்றன. நேரடிக் கண்காணிப்போடு, குறைந்தது 12 அமர்வுகள் செய்த திட்டங்களில் பலன் கூடுதலாக இருப்பதை முந்தைய தொகுப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் கிளாட் என்ற திட்டமும் இந்த அடிப்படையில் அமைந்ததே. நோயைப் பற்றிய விளக்க வகுப்புகளை முதலில் நடத்திவிட்டு, வாரத்துக்கு இருமுறை வீதம் ஆறு வாரம் கண்காணிப்போடு பயிற்சி தருகிறார்கள்.

அதே நேரத்தில், இயன்முறை ஐயா சொன்ன "கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும்" என்பதற்கு எதிராக நிற்கும் சான்று ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 377 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், மிகக் கனமான எடைகளோடு தசைப் பயிற்சி செய்தவர்களுக்கும், குறைந்த எடையோடு செய்தவர்களுக்கும், நலவாழ்வு வகுப்புகளுக்கு மட்டும் வந்தவர்களுக்கும் 18 மாத முடிவில் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கனமான எடைதான் வலியைப் போக்கும் என்று யாரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் 156 பேரிடம் ஊசியையும் இயன்முறைச் சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களே வலியிலும் இயக்கத்திலும் நல்ல நிலையில் இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களை, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வில், வலியில் வேறுபாடு இல்லை, குருத்தெலும்பு இழப்பு மட்டும் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் அதிகமாக இருந்தது. மூட்டைத் தேய்க்கும் என்று உறவினர்கள் அஞ்சியது உடற்பயிற்சியை. தொடர்ந்து போடும் ஊசியைப் பற்றித்தான் அந்த அச்சத்துக்குச் சான்று கிடைத்திருக்கிறது. இதை அவர்களிடம் அமைதியாகச் சொல்லிப் பாருங்கள்.

எடையைக் குறைப்பதும் இதோடு சேர வேண்டும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாக 2005-இல் அளந்தார்கள். 454 பேரை 18 மாதம் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் அல்லது உடற்பயிற்சியை மட்டும் மேற்கொண்டவர்களைவிட, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

இயன்முறை

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன 2021 ஆய்வை நானும் அறிவேன். அதை எடுத்துக்காட்டியது நல்லது. சிரமம் என்று நான் எழுதியது அவரவர் உடம்பின் அளவுக்குச் சிரமம். உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்கச் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாத ஒருவருக்குத் தம் உடல் எடையே கனமான எடைதான். நான் வலியை மட்டும் இலக்காக வைப்பதும் இல்லை. 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதை முதல் நாளே எண்ணி எழுதிவைக்கிறேன். ஆறு வாரம் கழித்து அதையே மீண்டும் எண்ணும்போது, "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பலர் தங்கள் எண்ணிக்கை ஏறியிருப்பதைப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கும் இன்றே எண்ணி, தேதியோடு குறித்துவையுங்கள்.

முதலில் கிடைக்கும் வலிமை பெரும்பாலும் நரம்புக் கட்டளை சீராவதால் வருவது. தசை உண்மையில் தடிப்பதற்கு அதற்கு மேலும் பல வாரங்கள் தேவை. ஆகவே மூன்று மாதமாவது முழுமையாகச் செய்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வெண்சங்கு

எலும்பு மருத்துவராகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நோய் இது மூட்டுத் தேய்மானம்தான் என்பது அடிப்படை. முழங்கால் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, உடன் காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தாலும், விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போனாலும் அப்படியே. மூட்டு பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் அதையும் காட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால், அது முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம். அதற்கான மருந்துகள் வேறு.

அறுவை சிகிச்சை என்றால் உடற்பயிற்சி தோற்றுவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். மூட்டு மாற்றத்துக்குத் தகுதியுள்ளவர்கள் என்று கருதப்பட்ட 100 பேரை வைத்து டென்மார்க்கில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையும் பயிற்சியும் சேர்ந்து பெற்றவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களிடம்தான் அதிகம் இருந்தன. பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மருந்து முதலியவற்றை மட்டும் பெற்றவர்களில் நால்வரில் ஏறக்குறைய ஒருவர்தான் ஓராண்டுக்குள் அறுவைக்குச் சென்றார். முறையாகப் பயிற்சி செய்தும் இரவுத் தூக்கம் கெடும் அளவுக்கு வலி தொடர்ந்தால் அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. அப்போதும் இதுவரை சேர்த்த தசை வலிமை, அறுவைக்குப் பின் எழுந்து நடக்கக் கைகொடுக்கும். நுண்துளை வழியாக மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சையை யாரேனும் தேய்மானத்துக்காகப் பரிந்துரைத்தால், ஏன் என்று கேளுங்கள். அது போலி அறுவையைவிட (தோலை மட்டும் கீறி, அறுவை செய்ததுபோல் காட்டுவது) மேலானதல்ல என்று 180 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002-இலேயே காட்டிவிட்டது.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. திண்டு வைத்த நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, நானும் கூடவே செய்தேன். முன்னால் சாய்ந்து எழுந்தபோது வலி 3 என்றார், இடுப்பு இடப்பக்கம் நகர்வதும் தெளிவாகத் தெரிந்தது. அருகிலுள்ள இயன்முறை மருத்துவரைப் பார்க்கவும் நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை படியில் எப்படி ஏறி இறங்குவது, கைத்தடி வைத்துக்கொள்ளலாமா என்பதை மட்டும் சொல்ல முடியுமா?

இயன்முறை

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், அதாவது அம்மாவுக்கு இடது கையில் பிடிக்க வேண்டும். வலது காலை முன்வைக்கும்போதே தடியும் முன்னே போக வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது தடியின் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்து ஏறி, பிறகு வலிக்கும் காலை அதே படிக்குக் கொண்டுவர வேண்டும். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், நல்ல கால் பின்னால். ஒரு கை எப்போதும் கைப்பிடிமேல் இருக்கட்டும். பக்கவாட்டில் இறங்குவதை இப்போதே வற்புறுத்தி மாற்ற வேண்டாம். இயன்முறை மருத்துவரிடம் ஒற்றைப் படிப் பயிற்சி தொடங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.